மதியபோசன மனிதாபிமானம்

வாரத்தில் ஒரு நாள், நகரத்தின் நல்ல விடுதி ஒன்றில், நண்பகல் கடந்து அரைமணி அளவில் ஒரு சிறு மணி ஒலிக்கிறது. தலைவர் கழுத்தில் பதவிச் சங்கிலி அணிந்திருக்கிறார். விருந்தினரின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. பிறந்தநாள் கண்டவரும், பத்திரிகையில் தம் பெயர் வரப்பெற்றவரும், பிந்தி வந்தவரும் சிறு தண்டம் செலுத்துகின்றனர். அது நகைப்புக்கிடையே அறநிதியிற் சேர்கிறது. உணவு முடியும் தறுவாயில், அழைக்கப்பட்ட பேச்சாளர் இருபது நிமிடம் உரையாற்றுகிறார். (நம் விரிவுரையாளர் சிலர் இவ்விருபது நிமிடத்தை நன்கு அறிவர்.) கிராமப் பாடசாலையொன்றில் அடுத்த மாதம் நடைபெறவுள்ள புத்தகப்பை வழங்கும் வைபவத்தைச் செயலாளர் நினைவூட்டுகிறார். இரண்டு மணிக்குள் எல்லோரும் தத்தம் அலுவலகம் மீள்கின்றனர். சமூக சேவைக் கழகம் எனப்படும் நிறுவனத்தின் உட்புறம் ஏறத்தாழ இதுதான். றோட்டறி, லயன்ஸ், கிவானிஸ் எனப் பெயர்கள் வேறுபடினும், சில இடங்களில் மதியபோசனமாகவும் வேறு சில இடங்களில் மாலைக் கூட்டமாகவும் வேளை மாறினும், அமைப்பிற் பெரிய வேறுபாடில்லை.

இக்கழகங்களைப் பற்றி நம் மத்தியில் நிலவும் கண்டனம் எல்லோர்க்கும் தெரிந்ததே. வயிறார உண்டுவிட்டுப் பசித்தோரைப் பற்றிப் பேசுகிறார்கள். சுரண்டிப் பெற்றதில் ஒரு துளியைத் திருப்பித் தந்து புண்ணியம் தேடுகிறார்கள் என்பதே அது. பல்கலைக்கழக விவாத மேடைகளில் இதனைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது மிக எளிது. ஆனால் இக்கண்டனம் பழையது; பழையது மட்டுமன்று, சோம்பல் மிக்கதுமாகும். அமெரிக்க நாவலாசிரியர் சின்கிளயர் லூயிஸ் 1922இல் வெளியிட்ட ‘பாபிற்’ என்னும் நாவலில், இத்தகைய கழக மேசையில் அமர்ந்து ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொள்ளும் வணிகரை நன்றாகவே எள்ளி நகையாடினார். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. கழகங்கள் உலகெங்கும் பெருகினவேயன்றிக் குறையவில்லை. நகைப்பு எதையும் அசைக்கவில்லை எனின், நகைத்தவர்கள் தவறான இடத்தில் குறிபார்த்தனர் என்பதே பொருள்.

உண்மை யாதெனில், அம்மதியபோசனமே இக்கழகங்களின் மிகச் சிறந்த அம்சமாகும். உறுப்பினர் தம் சொந்தப் பணத்தில் உண்கின்றனர். அதில் யாருக்கும் நட்டமில்லை. அன்றியும், அவ்வுணவு மேசை அவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டது: வருகை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் றோட்டறிக் கழகங்களில் வாராந்தக் கூட்டம் கட்டாயமாயிருந்தது. தகுந்த காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்புரிமையை இழக்க நேர்ந்தது. வெளியூர் சென்றவர் அவ்வூர்க் கழகத்தின் கூட்டத்துக்குச் சென்று தம் வரவை ஈடுசெய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டிலேதான் இவ்விதிகள் பெருமளவு தளர்த்தப்பட்டு, மாதத்தில் இரு கூட்டங்கள் போதும் என்றாயிற்று. காசோலையை அனுப்பிவிட்டு வீட்டிலிருக்கலாம் என்று எண்ணும் செல்வந்தரை, இல்லை, நீ நேரில் வரவேண்டும், அயலவனோடு அமரவேண்டும் என்று கட்டளையிட்ட இவ்வொழுங்கை இகழ்வதற்கு, கூட்டம் வைத்தால் ஐந்து பேரைச் சேர்க்க முடியாத நமக்கு உரிமையில்லை.

ஆகவே நமது வினா மேசையைப் பற்றியதன்று. அம்மேசையிலிருந்து எழுந்து அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள், யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்பதே வினா.

இவ்விடத்தில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணியும் அவருடைய நண்பர் மூவரும் ஒரு கட்டிடத்தின் அலுவலக அறையிற் கூடினர். நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியியலாளர் ஒருவர், தையல் தொழிலதிபர் ஒருவர் என்றவாறு, தொழிலால் வேறுபட்டோர். கிராமத்தில் வளர்ந்து மாநகரில் தனிமையுற்றவர் ஹரிஸ். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியமையாலேயே றோட்டறி என்ற பெயர் ஏற்பட்டது. தொடக்கத்தில் அது நட்புக்கும், ஒருவர் வணிகத்தை மற்றவர் ஆதரிப்பதற்குமான கூட்டமேயன்றிச் சேவைக்கான கூட்டமன்று. அப்படியாயின் அவர்கள் செய்த முதலாவது பெரிய பொதுப்பணி யாது?

மலசலகூடம். ஆம், சிக்காகோ மாநகர மண்டபத்தின் அருகே, பொதுமக்களுக்கான மலசலகூடம் ஒன்றை மாநகர ஆட்சி கட்டித்தர வேண்டும் என்று 1907இல் அவர்கள் இயக்கம் தொடங்கினர். எதிர்ப்பு வந்தது. மதுபான உற்பத்தியாளர் எதிர்த்தனர். ஏனெனில் அவசரத்துக்கு ஒதுங்குபவன் மதுச்சாலைக்குள் நுழைந்தால் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிப்பான். பெரிய விற்பனை நிலையத்தாரும் எதிர்த்தனர்; ஏனெனில் அதே தேவைக்காக உள்ளே வரும் பெண் ஏதேனும் வாங்கிச் செல்வாள். மனிதனின் இயற்கை உபாதையில் இலாபம் கண்டோருடன் சில ஆண்டுகள் மோதியே அக்கட்டிடம் பெறப்பட்டது.

இச்சிறு வரலாற்றை இக்கழகத்தினரே தம் ஆண்டுவிழாக்களில் ஒருவகைப் புன்னகையுடன் கூறிக் கடந்துவிடுவர். எம்மைப் பொறுத்தவரை, அவர்களுடைய ஒரு நூற்றாண்டுச் சேவையில் இதற்கு ஈடான செயல்கள் மிகச் சிலவே. பொது மலசலகூடத்துள் நுழைபவன் எவர்க்கும் நன்றி கூறவேண்டியதில்லை. தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கிராம அலுவலரின் கடிதம் வேண்டியதில்லை. புகைப்படத்துக்கு நிற்கவேண்டியதில்லை. நகரில் நடப்பவன் என்ற ஒரே தகுதியில் அது அவனுக்கு உரியது. அதைப் பெற்றுத் தந்தவர்கள் தம் பணத்தை எடுத்து நீட்டவில்லை. ஆட்சியிடம் உரிமை கேட்டனர், அதைத் தடுத்தவருடன் முரண்பட்டனர். அம்முரண்பட்டோரில் தம் உணவு மேசைக்கு வரக்கூடிய வணிகரும் இருந்திருப்பர் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1928இல் புறப்பட்டு, கீழைத் தேசங்கள் எங்கும் றோட்டறிக் கழகங்களை நிறுவி வந்த பயணத்தின் வழியே, 1929இல் கொழும்பிலும் கழகம் தோன்றியது. கெய்ரோ, பம்பாய், இரங்கூன் எனக் குடியேற்ற ஆட்சியின் நகரங்கள் எவையோ அவையே அப்பயணத்தின் தங்குமிடங்களுமாயின. சிக்காகோவில் அயலவர் அயலவருக்காகத் தொடங்கியது, இங்கு வந்து சேர்ந்தபோது மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் ஒன்றாயிற்று. ஆள்வோரின் மொழி பேசி, ஆள்வோரின் முறையில் உண்டு, ஆளப்படுவோருக்கு உதவுதல் என்னும் பழக்கம், ஆண்டவர்கள் சென்ற பின்னரும் இம்மேசைகளை விட்டு முற்றாக அகலவில்லை.

வழங்கல் வைபவம் ஒன்றைக் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன விருந்தினர் பதினொன்றுக்கு வருகின்றனர். அதுவரை பாண்ட் வாத்தியக் குழுப் பிள்ளைகள் வெயிலில் நிற்கின்றனர். முதலிரண்டு பாடங்களும் நடைபெறவில்லை. மாலையிடல், மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, கழகத்தின் மாவட்டப் பிரதிநிதியின் உரை. பின்னர் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. அப்பட்டியல் எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. ‘மிகவும் வறிய முப்பது பிள்ளைகளைத் தெரிந்து தாருங்கள்’ என்று அதிபரிடம் சொல்லப்பட்டிருக்கும். நூறு வறிய பிள்ளைகளுள் முப்பது பேரை வகுப்பாசிரியர் எழுந்து நிற்கச் சொல்லியே தெரிவு செய்திருப்பார். இப்போது அம்முப்பது பேரும் ஒவ்வொருவராக மேடையேறுகின்றனர். பையின் ஒரு பக்கத்தைப் பிள்ளை பிடிக்கிறது. மறு பக்கத்தை வழங்குபவர் பிடிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. இருவரும் படக்கருவியைப் பார்க்கின்றனர். பையின் மேல் கழகத்தின் சின்னம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு முழுவதும் அப்பிள்ளை தன் வறுமையின் சான்றிதழைத் தானே முதுகிற் சுமந்து பாடசாலைக்கு வரும்.

மேடையேறும் பிள்ளையின் வயது பன்னிரண்டாயின், கீழே அமர்ந்திருக்கும் தன் தோழரின் கண்களை அது சந்திக்காது. இதனைக் காண்பதற்கு உளவியற் பட்டம் வேண்டியதில்லை. எம்முள் எத்தனை பேர் அப்பட்டியலில் இருந்தோம் என்பதை இக்கட்டுரையை வாசிப்போர் தம்முள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி ஒன்றுண்டு: “பசித்தவனுக்குச் சோறு வேண்டும், மானத்தைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவனின் ஆடம்பரம்.” கேட்பதற்கு யதார்த்தம் போன்றிருக்கும் இக்கூற்றைப் போலப் பொய்யானது வேறில்லை. மானத்தையும் சோற்றையும் ஒருங்கே தரமுடியும் என்பதற்கு நம் நாடே சான்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. 1993 முதல் பாடசாலைச் சீருடைத் துணி வழங்கப்பட்டது. அமைச்சரின் மகனுக்கும் மீன்பிடிப்பவரின் மகளுக்கும் அதே பாடநூல், அதே வெள்ளைத் துணி. நூலைப் பெற்ற பிள்ளை தலைகுனியவில்லை. ஏனெனில் வகுப்பே பெற்றது. பாடநூலின் அட்டையிலும் அரசாங்கம் தன் பெயரைப் பொறித்துத்தான் இருந்தது, அரசியல்வாதிகள் அங்கும் படமெடுத்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் ‘யார் வறியவர், எழுந்து நில்லுங்கள்’ என்ற கேள்வி அங்கே எழவில்லை. இக்கட்டுரை வெளிவரும் இதழே, அக்கல்வியின் வழி வந்தோர் எழுதி அக்கல்வியின் வழி வந்தோர் வாசிப்பதுதானே?

நிற்க. கழகங்கள் நல்லதே செய்யவில்லை என்று யாரும் கூறின், அது வரலாற்றை மறைப்பதாகும். இளம்பிள்ளைவாத ஒழிப்பே இதற்குப் போதிய சான்று. 1979இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஏறத்தாழ அறுபது இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியை றோட்டறி ஏற்றது. 1985இல் அதனை உலகளாவிய திட்டமாக அறிவித்து, 12 கோடி டொலர் திரட்ட இலக்கு வைத்தது. 1988இல் இருமடங்குக்கு மேலாக 24 கோடியே 70 இலட்சம் டொலர் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் உலகில் 125க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டொன்றுக்கு மூன்றரை இலட்சம் பேரை அந்நோய் முடமாக்கிக்கொண்டிருந்தது. இலங்கையின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். உள்நாட்டுப் போர் உக்கிரமாயிருந்த தொண்ணூறுகளில், தேசிய சொட்டுமருந்து நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை மௌனமாக்கின என்பதை வடக்கிலும் கிழக்கிலும் அந்நாட்களில் வாழ்ந்தோர் அறிவர். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், இச்சாதனையின் தன்மை அந்தப் பழைய மலசலகூடத்தின் தன்மையை ஒத்தது. சொட்டு மருந்து வறிய குழந்தைக்கு மட்டும் அன்று, ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும். அதனைக் கொடுத்தது அரசின் சுகாதார சேவை. குடும்ப நல மாதுக்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஊர் ஊராக நடந்து கொடுத்தனர். கழகங்கள் பணம் திரட்டின, அரசுகளை நெருக்கின, குளிர்ப்பெட்டி சுமந்தன. இது நாற்பது ஆண்டுகளாகத் தொடரும் சலிப்பூட்டும் வேலை. தாங்கள் இதனைச் செய்ய வல்லவர்கள் என்பதை அவர்களே நிறுவிவிட்டனர். அப்படியிருந்தும் பைக்கட்டுகளோடும் பதாகைகளோடும் கிராமத்துக்கு வருகிறார்களே, அதனாலேயே எமது கண்டனம் கடுமையாகிறது. இயலாதவனைக் கண்டிப்பதிற் பயனில்லை.

ஏன் வருகிறார்கள்? மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் என்பதே பழைய விதி: ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி, ஒரு வங்கி முகாமையாளர், ஒரு ஒப்பந்தகாரர். ஊரின் எல்லாத் தொழில்களும் அங்கே இருப்பதாக ஒரு தோற்றம். ஆனால் அந்த ‘எல்லா’வினுள் சவரத் தொழிலாளியோ, கடற்றொழிலாளியோ, கொழுந்து பறிப்பவளோ இல்லை. பெண்களே நெடுங்காலம் இல்லை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்னும் சிற்றூர்க் கழகம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தமைக்காக உலக அமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்த பின்னரே, 1989இல் உலக அமைப்பின் விதிகள் திருத்தப்பட்டன. பெண்கள் உள்ளே வந்ததால் கழகம் குலைந்துவிடவில்லை. பெறுபவர் உள்ளே வந்தால் மட்டும் குலைந்துவிடுமா?

அப்பிள்ளையின் தாய் அம்மேசையில் ஒரு நாள் அமர்ந்திருப்பாளாயின், பையைக் காட்டிலும் பேருந்தே அவசரம் என்று கூறியிருப்பாள். காலை ஏழு மணிப் பேருந்து ஓடாததால் பிள்ளை நான்கு கல் நடக்கிறது என்றிருப்பாள். அவளைக் கேட்காமையால் பை வருகிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இதனைப் பெரிய அளவிற் கண்டோம். கழகங்கள் மட்டுமல்ல, உலகத்துத் தொண்டு நிறுவனங்கள் பலவும் போட்டியிட்டுப் படகு வழங்கின. கடலுக்குப் போகாதவருக்குப் படகு கிடைத்ததும், கிடைத்த படகு கடலுக்கே ஒவ்வாததும் கரையோரங்களில் நடந்தன. கடற்றொழிலாளர் சங்கம் அந்தந்த ஊரிலேயே இருந்தது. அதன் படியேறிக் கேட்டவர் சிலரே.

கேட்டுச் செய்யும் மரபு நமக்குப் புதியதன்று. 1930களில் யாழ்ப்பாணத்து மூளாயில் கிராம மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை எழுப்பினர். அங்கே படுக்கையிற் கிடந்தவரும் பங்காளர், பக்கத்து வளவில் நின்று பார்த்தவரும் பங்காளர். நம் நாட்டு ஊர்களிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இயங்கிவரும் மரண சகாய சங்கங்களையும் எண்ணுக. மாதச் சந்தா கொடுக்கும் ஒவ்வொருவரும் தருபவர். ஒரு நாள் ஒவ்வொருவர் வீடும் பெறும் வீடாகும். சாவு வீட்டுக்குக் கதிரையும் கொட்டகையும் வந்து சேரும்போது, அங்கே யாரும் மாலை போடுவதில்லை. நட்சத்திர விடுதியில் மணியடித்துக் கூடாமையால் இவற்றைச் சேவை என்று நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை.

மலையகத்தைக் குறிப்பிடாமல் இவ்விடயம் நிறைவுறாது. றோட்டறி உறுப்பினர் தம் ஒவ்வொரு செயலையும் நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பர். கடன்பட்டுத் தவித்த ஒரு சமையற்பாத்திரக் கம்பனியைக் காப்பாற்ற, ஹேர்பேட் ரெயிலர் என்னும் வணிகர் 1932 அளவில் வகுத்தவை அவை. உண்மையா, நியாயமா, நல்லெண்ணம் வளர்க்குமா, சம்பந்தப்பட்ட எல்லோர்க்கும் நன்மை பயக்குமா என்பது அவற்றின் சாரம். நல்ல கேள்விகள். அவை தானத்துக்கென வகுக்கப்பட்டவை அல்ல, வணிகத்துக்கென வகுக்கப்பட்டவை என்பதையும் கவனிக்க. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என 2021இல் வர்த்தமானியில் வெளிவந்தபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. அந்நாட்களில் எந்த மதியபோசன மேசையிலாவது அந்த நான்காவது கேள்வி அச்சம்பளத்தைப் பற்றிக் கேட்கப்பட்டதா? லயன் அறைக்கு மூக்குக்கண்ணாடியும் கம்பளியும் கொண்டு செல்லும் கழகங்கள், அந்த லயன் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் மேசையில் ஓர் ஆசனம் வெறுமையாகிவிடலாம். சிக்காகோவில் அந்தத் துணிவு இருந்தது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலும் இதே கதைதான். அவ்வாண்டு மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மருந்தின்மையால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. கழகங்கள் மருந்துக்கு ஓடின, உயிர்கள் பிழைத்திருக்கும், அதற்குத் தலைவணங்குவோம். ஆயினும், நாட்டின் வங்கியாளரும் இறக்குமதியாளரும் கணக்காளரும் வாரந்தோறும் கூடும் அம்மேசைகளில், நாடு எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்று முன்கூட்டியே உரக்கச் சொன்னவர் எத்தனை பேர்? இருபது நிமிடப் பேச்சாளர்கள் சிலர் சொல்லியிருப்பர். நன்றியுரையும் கூறப்பட்டிருக்கும்.

இனி நம் பக்கம். 1968இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கிய றோட்டறக்ட் கழகங்களும், லயன்ஸின் இளைஞர் பிரிவான லியோ கழகங்களும் இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியுள்ளன. அவற்றில் உழைக்கும் மாணவர்களின் உற்சாகத்தை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. சுயவிபரக் கோவையில் ஒரு வரிக்காகச் சேர்ந்தோரும் உளர், அதுவும் பெருங்குற்றமன்று. ஆனால் மூத்தோரின் வைபவத்தைச் சிறிய அளவில் ஒத்திகை பார்ப்பதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. பெயர்ப்பட்டியல், பதாகை, கதாநாயகனாகப் பிரதம விருந்தினர் என்று அப்படியே பிரதிசெய்வோர், பத்தாண்டின் பின் அதே மேசையில் அதே ஆசனத்தில் அமர்வர்.

எனவே நம் பீடங்களின் கழகங்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறோம். அடுத்த முறை ஒரு பாடசாலைக்குச் செல்லுமுன், பெற்றோரை அதிபரின் அறைக்கு அழைக்காது, நீங்கள் அவர்கள் ஊர் வாசிகசாலைக்குச் சென்று அமருங்கள். என்ன வேண்டும் என்று கேட்டபின், அது உங்களால் இயலாததாயின் இயலாது என்று சொல்லுங்கள். அது பிரதேச சபையின் கடமையாயின், சபைக்குச் செல்லும் மனுவில் அவர்களுடன் கையொப்பமிடுங்கள். பை வழங்கியே தீரவேண்டுமாயின் வகுப்பு முழுவதற்கும் வழங்குங்கள். அதற்குப் பணம் போதாதெனின் நூலகத்துக்கு நூலாக, கிணற்றுக்குக் கப்பியாக, எல்லோர் கையும் படும் ஒன்றாகக் கொடுங்கள். சின்னத்தை அச்சிடும் செலவு மிஞ்சும். வரவு செலவுக் கணக்கை மாவட்டத் தலைமைக்கு அனுப்பும் அன்றே, அப்பாடசாலையின் அறிவித்தற் பலகையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். ஓராண்டின் பின், படக்கருவி இல்லாமல் மீண்டும் செல்லுங்கள். கூட்டத்துக்கு வராதவர் பெயரைக் குறித்துவைக்கும் உங்கள் வரவுப் பதிவேட்டில், அந்த இரண்டாவது பயணத்துக்கும் ஒரு நிரல் இடுங்கள்.